கைந்நாட்டும் மன இசைவும்

மருந்தொன்றைப் பலரும் உண்ணுமுன் சிலர் உண்டு பார்த்தல் வேண்டும். அச்சிலர் இன்றேல் புதுமருந்தும் இல்லை. நோயுற்று இன்று உயிர்தப்பும் நாம் அனைவரும், முன்னொருகால் எங்கோ சோதனைக்குத் தம் உடலை ஈந்த முகமறியாதார்க்குக் கடன்பட்டவர்களே. ஆயின், ஈதல் வேறு, எடுக்கப்படுதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது இசைவு என்னும் ஒரு சொல். அச்சொல்லின் பொருளைப் படிவங்கள் காக்கின்றனவா என்பதே ஈண்டு எழும் வினா.

2009ஆம் ஆண்டில் இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்துக் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயது வரையான சிறுமியர்க்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி ஏற்றப்பட்டது. பாத் என்னும் அமெரிக்க நிறுவனம் நடத்திய அத்திட்டம் 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. செயல்விளக்கத் திட்டம் என்ற பெயரில் மருந்துச் சோதனையே நடந்தது என்று இந்தியப் பாராளுமன்ற நிலைக்குழு 2013இல் சாடிற்று. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 படிவங்களுள் 1,948இல் இருந்தவை கைந்நாட்டுகள். 2,763இல் ஒப்பமிட்டோர் பெற்றோரல்லர், விடுதிக் காப்பாளர்.

ஊசியின்மேல் எனக்கு வழக்கில்லை. அத்திட்டக் காலத்தில் சிறுமியர் எழுவர் இறந்தனர். அவ்விறப்புகளுக்கு ஊசி காரணமாதல் அரிது என்றே விசாரணைக் குழு கண்டது. அவ்வகைத் தடுப்பூசி நம் நாட்டிலும் 2017 முதல் பாடசாலை மாணவியர்க்கு ஏற்றப்படுகிறது; நன்மை தருவது. என் வழக்கெல்லாம் அக்கையொப்பத்தின்மேலது. பிள்ளையை விடுதியிற் சேர்க்கும் பெற்றோர், அதன் படிப்பையும் ஊணையும் உறக்கத்தையும் எம்போன்ற ஆசிரியரிடம் ஒப்படைக்கின்றனர். சோதனைக்காக அதன் உடலை ஒப்படைப்பதில்லை. நல்லது செய்கிறோம் என்னும் எண்ணமும் அவ்வுரிமையை நமக்குத் தாராது.

கைந்நாட்டு இட்டாரையும் இகழ்தல் வேண்டா. எழுத்தறிந்தாரும் இடர்ப்படும் இடம் இது. வெள்ளவத்தையில் வதியும் என்னிடம், கொட்டாஞ்சேனையிலிருந்து மூதாட்டி ஒருவர் மருந்துச் சோதனைப் படிவமொன்றைக் கொணர்ந்தார். "ஐயா, தமிழிலைதான் இருக்கு, ஆனா விளங்கேல்லை" என்றார். பங்குபற்றுநர் எழுமாறாக இரு குழுக்களுள் ஒன்றுக்கு ஒதுக்கப்படுவர் என்று அதில் எழுதியிருந்தது. திருவுளச்சீட்டு எடுப்பதுபோலப் பிரிப்பார்கள், ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு மருந்துபோலத் தோன்றும் வெறும் மாத்திரையும் கிடைக்கும், எது யாருக்கென்று மருத்துவரும் அறியார் என்று விளக்கினேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், மூன்று கேள்விகள் கேட்டார். நடுவிலே விட்டுவிடலாமா? மாட்டேன் என்றால் வைத்தியம் குறையுமா? என் வருத்தம் அயலாருக்குத் தெரியவருமா?

உலக மருத்துவச் சங்கம் 1964இல் வெளியிட்டுப் பலமுறை திருத்திய ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் சாரம் அக்கேள்விகளில் அடங்கியிருந்தது. எந்நேரமும் விலகலாம், மறுத்தவர்க்குச் சிகிச்சை குறைதலாகாது, அந்தரங்கம் காக்கப்படல் வேண்டும். இலங்கையில் 2022இல் நிறைவேறிய 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலச் செய்திகளைத் தனிக் காப்புக்குரியவையாக வகுத்தது.

பெயரை நீக்கி எண்ணை இட்டால் அந்தரங்கம் காக்கப்பட்டுவிடும் என்று எண்ணற்க. வயது, தெரு, தொழில், நோய் ஆகிய நான்கையும் சேர்த்தால், சுவரோடு சுவர் ஒட்டிய நம் ஒழுங்கைகளில் பெயர் தானே வெளிப்படும். பெண்ணுக்கு வரன் பேசும் வீட்டில் அச்செய்தி என்ன செய்யும் என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அம்மூதாட்டி யாது முடிவு செய்தார் என வினவுவோர்க்கு என் விடை, அஃது அவர்தம் அந்தரங்கம் என்பதே.

படிவம் எழுதுவோரிடம் ஒன்று வேண்டுவேன். எழுதியதை எளிய ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் விளங்கியதை அவர்தம் சொல்லிலேயே திருப்பிக் கூறச் செய்க. கூற இயலாதாயின் பிழை அவரிடத்ததன்று; படிவத்தினது. மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணிய திருவள்ளுவர் நோயுற்றவனையே முதலில் வைத்தார். மருத்துவனும் மருந்தும் அவனுக்குப் பின்னரே வந்தன. படிவத்திலும் அவ்வரிசை மாறாதிருத்தல் வேண்டும்.