புரதத்தைக் கட்டிய ஜலம்

நம் தோலிலும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களிலும் நிறைந்துள்ள கொல்லாஜன் என்னும் புரதம் மூன்று இழைகளின் சேர்க்கை என்று 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அறிவித்து, மறு ஆண்டே அவ்விழைகள் கயிறுபோல் முறுக்குண்டவை எனத் தெளிவுறுத்தியவர்கள், ஜி. என். ராமச்சந்திரனும் அவர் சகாவான கோபிநாத் கர்த்தாவும் ஆவர். அம்முறுக்கு குலையாதிருப்பதற்கு ஜலமும் ஒரு காரணமாகலாம் என்று கருதி, 1968-இல் ராமச்சந்திரனும் அவருடன் ஆய்ந்த சந்திரசேகரனும், இழைக்கும் இழைக்கும் நடுவே ஒரு நீர் மூலக்கூறு நின்று, இருபுறமும் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்வதாக ஓர் அமைப்பை வகுத்துரைத்தார்கள். கணிதத்தாலும் மாதிரிகளாலும் செய்த அனுமானம் அது என்பதை எண்ணினால் வியப்பு மிகுகிறது. 1994-இல் அமெரிக்க விஞ்ஞானிகள், கொல்லாஜனை ஒத்த சிறியதொரு பெப்டைடின் படிகத்தை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்தபோது, இழைகளைச் சூழ்ந்து ஒழுங்காக அணிவகுத்த நீர் மூலக்கூறுகள் புலப்பட்டன. ஸ்திரத்தன்மை முழுவதும் நீராலேயே வருவது என்று சாதிப்பது மிகையாகும். ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலத்தின் வடிவ இயல்புக்கும் அதில் பெரும்பங்கு உண்டென்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும், கொல்லாஜன் நிறைந்த நாணின் இயல்பில் நீருக்கும் பங்குண்டு: உலர்ந்து விறைத்த தசைநாண் ஒன்றை நீரில் ஊறவிட்டால், சற்று நேரத்தில் அது மீண்டும் துவண்டு வளைந்துகொடுப்பதை எவரும் கண்ணாரக் காணலாம்.