நாபோத்தின் தோட்டமும் அண்டை நாட்டு நிலமும்
மெக்சிக்கோப் போர் (1846–1848) பற்றிய ஒரு சிந்தனை

ஒரு நாடு தன் அண்டை நாட்டின் நிலத்தை இச்சிப்பது வரலாற்றில் புதிய செய்தியன்று. அவ்விச்சைக்குக் கடவுளின் சித்தம் என்று பெயர் சூட்டப்படும்போதே அது இறையியல் ஆய்வுக்கும் உரிய பொருளாகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே 1846 முதல் 1848 வரை நடைபெற்ற போர் இதற்குத் தக்கதொரு சான்றாகும். நிலவேட்கை எவ்வாறு சமய மொழியைத் தன் போர்வையாக்கிக் கொண்டது என்பதையும், அப்போர்வையை அக்காலத்தவருள் சிலர் எவ்வாறு விலக்கிப் பார்த்தனர் என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

போரின் பின்னணி

மெக்சிக்கோ 1821இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. அதன் வட பகுதியாகிய டெக்சாஸில் குடிகள் மிகக் குறைவு. ஆகவே ஐக்கிய நாடுகளிலிருந்து வந்து குடியேற விரும்பியோருக்கு மெக்சிக்கோ அரசு நிலம் வழங்கியது. வந்தவர்களுள் பலர் பருத்தி பயிரிடும் நோக்கத்துடன் தங்கள் அடிமைகளையும் உடன் கொணர்ந்தனர். 1829இல் மெக்சிக்கோ அடிமை முறையை ஒழித்தது. டெக்சாஸுக்கு விலக்கு அளிக்கப்பட்ட போதிலும் குடியேறியோரின் அச்சம் தீரவில்லை. மறு ஆண்டில் ஐக்கிய நாடுகளிலிருந்து மேலும் குடியேற்றம் நிகழ்வது தடை செய்யப்பட்டது. பின்னர் மைய அரசு மாநிலங்களின் உரிமைகளைச் சுருக்கியது பகையை முற்றச் செய்தது.

1836இல் டெக்சாஸ் கிளர்ந்தெழுந்து தன்னைத் தனி நாடாக அறிவித்தது. அதன் அரசியல் சட்டம் அடிமை முறைக்குப் பாதுகாப்பு அளித்தது. இப்பிரிவினையை மெக்சிக்கோ ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும் 1845ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய நாடுகள் டெக்சாஸைத் தம்முடன் ஒரு மாநிலமாக இணைத்துக்கொண்டன.

கடவுள் விதித்த நிலம்

அதே 1845இல் ஜான் ஓ'சல்லிவன் என்னும் நியூயார்க் இதழாசிரியர் 'வெளிப்படையான விதி' என்று பொருள்படும் ஒரு தொடரை வழங்கினார். பெருகிவரும் தம் மக்களுக்காகக் கடவுள் அக்கண்டத்தை ஒதுக்கி வைத்துள்ளார். அதில் பரவுவது தம் நாட்டுக்கு விதிக்கப்பட்டது என்பது அவர்தம் கருத்து. குடியேற்றத்தினாலேயே இது நிறைவேறும் என அவர் எதிர்பார்த்தார். ஆனால் கடவுளே கொடுத்த நிலம் என்று நம்பியவர்களுக்கு அதை வாளால் எடுப்பது தயக்கம் தரவில்லை.

இக்கருத்து திடீரென முளைத்ததன்று. 17ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டானியர் தங்களைப் புதிய இஸ்ரவேலாகவே எண்ணினர். வாக்குத்தத்த நாடு என்னும் திருமறைச் சொல் காலப்போக்கில் ஒரு தேசத்தின் எல்லைக்கோட்டைக் குறிக்கும் சொல்லாக மாறிற்று. அந்நிலத்தில் கொமாஞ்சி, அப்பாச்சி, நவாஹோ முதலிய முதற்குடிகள் வாழ்ந்துவந்தனர் என்பது இக்கணக்கில் இடம்பெறவில்லை.

போர் மூண்ட விதம்

குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் போல்க் கலிபோர்னியாவையும் நியூ மெக்சிக்கோவையும் பெற விரும்பினார். 1845இன் பிற்பகுதியில் அவற்றை விலைக்கு வாங்கும் பொருட்டு ஜான் ஸ்லைடெல் என்பவரைத் தூதராக அனுப்பினார். மெக்சிக்கோ அரசு அவரை ஏற்க மறுத்துவிட்டது. டெக்சாஸின் தென் எல்லை நூயேசஸ் ஆறு என்பது மெக்சிக்கோவின் நிலை; அதற்குத் தெற்கேயுள்ள ரியோ கிராண்டே ஆறே எல்லை என்பது ஐக்கிய நாடுகளின் வாதம். தளபதி சக்கரி டெய்லரின் படை, போல்க்கின் ஆணைப்படி, வழக்கிற்குரிய இவ்விடைப்பகுதிக்குள் புகுந்து 1846 மார்ச்சு மாதத்தில் ரியோ கிராண்டே கரையில் பாளையமிறங்கியது. ஏப்ரல் 25ஆம் நாள் மெக்சிக்கோப் படையினர் அதன் ஒரு பிரிவைத் தாக்கினர்; சிலர் மாண்டனர். அமெரிக்க மண்ணில் அமெரிக்கக் குருதி சிந்தப்பட்டது என்று போல்க் நாட்டுக்கு அறிவித்தார். மே 13ஆம் நாள் காங்கிரசு போர்ப் பிரகடனம் செய்தது.

திருமறையை அறிந்தோர் இங்கே நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை நினையாதிருக்க இயலாது. ஆகாபும் முதலில் விலை பேசினான். மறுப்பைக் கேட்டபின்னரே அரண்மனை வேறு வழியை நாடியது. அவ்வழியில் பொய்க் குற்றச்சாட்டும், சட்டத்தின் தோற்றமும், உபவாச அறிவிப்பும்கூட இடம்பெற்றன. மெக்சிக்கோவின் ஆட்சியாளர் நாபோத்தைப் போன்ற நீதிமான்கள் என்று நாம் கூறவில்லை. அந்நாட்டு அரசு உட்பூசல்களால் சிதைந்திருந்தது. ஆயினும் அண்டை வீட்டாரின் குறை அவர் நிலத்தைப் பறிக்கும் உரிமையை நமக்குத் தருவதில்லை.

திருச்சபைகளின் குரல்

இப்போரைக் குறித்துத் திருச்சபைகள் ஒரே குரலில் பேசவில்லை. அடிமை முறையை முன்னிட்டு மெதடிஸ்டு சபை 1844–45இலும், பாப்டிஸ்டு சபை 1845இலும் வடக்கென்றும் தெற்கென்றும் பிளவுபட்டிருந்தன. தென்னகச் சபையாருள் பலர் போரை ஆதரித்தனர். கத்தோலிக்க நாடொன்றில் சுவிசேஷத்திற்கு வழி திறக்கும் என்று எண்ணி மகிழ்ந்த சீர்திருத்தச் சபையாரும் உண்டு. மறுபுறம் குவேக்கர்கள் வெளிப்படையாக எதிர்த்தனர். வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த யூனிட்டேரியன், காங்கிரிகேஷனல் போதகர்களுள் பலரும் அவ்வாறே செய்தனர்.

அடிமைத்தளையினின்று தப்பிய பிரெடரிக் டக்ளஸ் இப்போரைக் கடுமையாகக் கண்டித்தார். ஹென்றி டேவிட் தோரோ அடிமை முறையைப் பேணும் அரசுக்கு வரி செலுத்த மறுத்து, 1846 ஜூலையில் ஓர் இரவு சிறையில் இருந்தார். பின்னர் அவர் வெளியிட்ட கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவிலிருந்த காந்தியடிகள் 1907இல் தம் இதழ் வாயிலாக அறிமுகப்படுத்தினார். அப்போது காங்கிரசுக்குப் புதிதாக வந்திருந்த ஆபிரகாம் லிங்கன், குருதி சிந்தப்பட்ட அவ்விடம் உண்மையில் எந்நாட்டு மண் என்று காட்டுமாறு 1847 டிசம்பரில் தீர்மானங்கள் கொண்டுவந்தார். அவை நிறைவேறவில்லை. எனினும் அவ்வினாவுக்குப் போல்க் விடையளிக்கவுமில்லை.

போரின் விளைவு

1847 மார்ச்சில் தளபதி வின்பீல்டு ஸ்காட்டின் படை வேராகுரூசில் கரையிறங்கியது. செப்டம்பரில் தலைநகரைக் கைப்பற்றியது. 1848 பிப்ரவரி 2ஆம் நாள் குவாடலூப்பே ஹிடால்கோ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இன்றைய கலிபோர்னியா, நெவாடா, யூட்டா ஆகியவற்றையும், அரிசோனா, நியூ மெக்சிக்கோ, கொலராடோ முதலியவற்றின் பகுதிகளையும் மெக்சிக்கோ இழந்தது. டெக்சாஸையும் சேர்த்துக் கணக்கிடின், பறிபோனது அதன் நிலப்பரப்பில் பாதிக்கு மேல். கிடைத்த ஈடு ஒன்றரைக் கோடி டாலர். உடன்படிக்கைக்கு ஒன்பது நாள்களுக்கு முன்னரே கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டிருந்தது. கையெழுத்திட்டோர் அதனை அறியார். ஐக்கிய நாடுகளின் படையில் ஏறத்தாழ 13,000 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நோயினால் இறந்தவர்கள்.

வென்ற நாடும் அமைதி பெறவில்லை. புதிய நிலங்களில் அடிமை முறையை அனுமதிப்பதா என்னும் வினா வடக்கையும் தெற்கையும் மேலும் பிரித்தது. அதன் முடிவு 1861இல் மூண்ட உள்நாட்டுப் போர். மெக்சிக்கோவில் இளம் அதிகாரியாகப் போரிட்டுப் பின்னாளில் குடியரசுத் தலைவரான யுலிசீஸ் கிராண்ட், தம் நினைவுக் குறிப்புகளில் மெக்சிக்கோப் போரை அநீதியானதென்று கண்டித்து, உள்நாட்டுப் போரை அதன் விளைவாகவே கண்டார்.

நாம் கற்பது யாது?

கடவுளின் பராமரிப்பைப் பற்றிப் பேசுவது விசுவாசத்தின் உரிமை. ஆனால் அப்பேச்சு மெய்யானதா என்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: அதனால் இழப்போர் யார் என்று கேட்க வேண்டும். 'கடவுள் எங்களுக்குத் தந்தார்' என்னும் அறிக்கையைப் பேசுவோர் பக்கத்திலிருந்து மட்டுமன்று, நிலமிழந்தோர் பக்கத்திலிருந்தும் கேட்டறிய வேண்டும். 1846இல் அவ்வாறு கேட்டவர்கள் சிலரே. அவர்களால் போரைத் தடுக்க இயலவில்லை. ஆயினும் எலியாவும் நாபோத்தின் உயிரை மீட்கவில்லை. நடந்தது கொலையும் கொள்ளையும் என்று அரசன் முகத்திற்கு எதிரே பெயரிட்டுக் கூறினான். நாடுகள் தம் எல்லைகளை விரிக்கத் திருமறையைக் கையிலெடுக்கும் வேளைகளில் திருச்சபைக்கு உரிய பணியும் இதுவே என்று கருதுகிறோம்.