கடலாட்டும் காவலும்

கடலாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் அதற்கெனவே ஒரு காதை உண்டு. ஆயினும் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தினராகிய நாம் அறிந்த நீர் பாலாறே. வயலூரருகே கடலை அடையும் அவ்வாறு, நம் ஊர்களிற் பலகாலும் மணலாய்க் கிடக்கின்றது. ஆகலின், நம்மிற் பலர் நீந்தக் கல்லாமலே விடுமுறையில் மெரினாவிற்குச் செல்கின்றனர். அவர் அலையை அஞ்சுவரேயன்றி, அலைநீர் மீளும்போது உண்டாகும் இழுப்பை அறியார்.

கரையில் மோதிய நீர் ஒடுங்கிய கால்வாய்போல் விசையுடன் கடலுக்குத் திரும்பும். ஆண்டு அலை மிகுதியும் உடையாமையின், அறியாதார் அதனையே நல்ல துறையென்று இறங்குவர். அவ்விழுப்பு ஆளை அமிழ்த்துவதன்று, வெளியே கொண்டுசெல்வது. அதனை எதிர்த்து நீந்துவோரே வலியிழந்து மூழ்குவர். அகப்பட்டோர் மிதந்து கைகாட்டுக. நீந்த வல்லார் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகுக.

மூழ்குவோர் பெரும்பாலும் கூவார். மூச்சிற்கே இடமில்லாதார் எங்ஙனம் கூவுவர்? நண்பன் மூழ்கக் கண்டு நீந்தத் தெரியாதார் பாய்தல் அன்பாயினும் அறிவன்று. கயிறோ, வாய் மூடிய வெறுங்குடமோ எறிக. கரைசேர்த்தபின் வயிற்றை அமுக்குதலும் தூக்கிச் சுற்றுதலும் காலத்தை வீணாக்கும். ஒருவர் 108ஐ அழைப்பாராக. மூச்சில்லையேல், மற்றொருவர் முதற்கண் வாயோடு வாய் பொருத்தி ஊதுக. பின்னர் 30 முறை மார்பை அழுத்துதலும் 2 முறை ஊதுதலுமாக ஓயாது தொடர்க.

ஐக்கிய நாடுகள் அவை 2021இல் ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. நாமும் அடுத்த கடற்கரைச் செலவிற்குக் கட்டுச்சோற்றோடு கயிறொன்றும் கொண்டு செல்வோமாக.