அம்மாவுக்கு சம்மன், அண்ணனுக்கு ஜூரி அழைப்பு!

மரக்காணத்தில் உப்பளத்து வேலை வெயிலை நம்பித்தான். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் வெள்ளம்; கூலி கிடையாது. அதனால் பங்குனி, சித்திரையில் ஒரு நாள் வேலை போனாலும் அம்மாவுக்கு மனசு ஆறாது. அப்படி ஒரு பங்குனியில்தான் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, அம்மா கையில் சாட்சி சம்மனைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாலு வருஷத்துக்கு முந்தைய விஷயம். விடியற்காலையில் உப்பு வாரப் போன அம்மா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வேன் சைக்கிள்காரரை அடித்துத் தள்ளியதைப் பார்த்தார். அந்த மனிதர் அங்கேயே இறந்துவிட்டார். பார்த்தவர் அம்மா ஒருவர்தான். போலீஸ் கேட்டபோது பார்த்ததைச் சொன்னார். பிறகு நாங்கள் அதை மறந்தே போனோம்.

அதே வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ. இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்க்கும் பெரியம்மா மகனுக்கும் கோர்ட்டிலிருந்து கடிதம். ஆனால், அவர் சாட்சி இல்லை. ஜூரி!

“நீ இந்திய பாஸ்போர்ட்தானே வெச்சிருக்கே? உன்னை எப்படிண்ணா கூப்பிடறாங்க?” என்று கேட்டேன். காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் அங்கே வசித்தால் வாக்காளர் பட்டியலில் சேரலாம். அந்தப் பட்டியலிலிருந்துதான் குலுக்கல் போல ஜூரிகளை எடுக்கிறார்கள். வயது 18 முதல் 75 வரை. குறைந்தது 5 வருஷம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 12 பேர் உட்கார்ந்து வழக்கைக் கேட்டு, குற்றவாளியா, இல்லையா என்று சொல்ல வேண்டும். தண்டனை மட்டும் நீதிபதி கையில்.

பாகவதரைச் சிறைக்கு அனுப்பிய 6 பேர்

நம் ஊரிலும் ஒரு காலத்தில் ஜூரி இருந்தது. 1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்திக்குத்தில் இறந்தார். அந்த வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 9 ஜூரிகள். 6 பேர் ‘குற்றவாளி’ என்றார்கள். 3 பேர் ‘இல்லை’ என்றார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி இங்கேயே விசாரிக்கப்பட்டு, 1947-ல்தான் விடுதலை ஆனார்கள். வெளியே வந்த பாகவதருக்குப் பழைய சினிமா மவுசு திரும்பவே இல்லை.

1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி வழக்கு. மனைவியின் காதலனைச் சுட்டவரை, 8 பேருக்கு 1 என்ற கணக்கில் ஜூரி ‘குற்றவாளி இல்லை’ என்றது. உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை கொடுத்தது. ஜூரி முறை படிப்படியாகக் குறைந்து, 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடமே இல்லாமல் போனது. அதன் பிறகு, சாதாரண மனிதர் நீதிக்கு உதவ கோர்ட் படி ஏற வேண்டுமென்றால், அது பெரும்பாலும் சாட்சியாகத்தான்.

மூன்று நாள் கூலி

அம்மா முதல் முறை போனபோது வாய்தா. இரண்டாவது முறை வக்கீல்கள் புறக்கணிப்பு. இரண்டு நாள் கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். நடுவில், தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். “நாலு வருஷம் ஆச்சு, ஞாபகம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுக்கா. உன் கூலிக்கு மேலயே தருவாங்க” என்றார். அம்மா அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

எனக்குத்தான் பயம். “எதுக்கும்மா நமக்கு இந்த வம்பு?” என்றேன்.

“அந்தப் பொண்ணு ரெண்டு புள்ளைங்களோட நிக்குதுடி. நானும் வாயை மூடிக்கிட்டா அதுக்கு யாரு இருக்கா?”

மூன்றாவது முறை கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை.

“இருட்டில் எப்படித் தெரிந்தது?”

“உப்பளத்துக்காரங்களுக்கு அதுதாங்க பொழுது. அந்த வெளிச்சத்துலதான் தினமும் வேலை.”

“வண்டி நம்பரைப் பார்த்தீர்களா?”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. வண்டியை நிறுத்தினாரு, இறங்கிப் பார்த்தாரு, திரும்ப ஏறிப் போயிட்டாரு. அந்த முகம் தெரியும்” என்று எதிரே நின்றவரைக் காட்டினார்.

அன்று ராத்திரி அண்ணன் போன் செய்தார். அவருக்கு இரண்டு வாரம் ஜூரி வேலை முடிந்திருந்தது. போகாத நாள் சம்பளத்துக்கு ஈடாக ஒரு தொகையும், பயணச் செலவும் அங்கே கிடைக்குமாம். “உள்ளே என்ன பேசினோம்னு மட்டும் கேட்காதீங்க சித்தி. சொன்னா குத்தம். ஒருத்தர் வாழ்க்கை நம்ம கையிலன்னு நினைச்சா தூக்கமே வரலை” என்றார்.

அம்மா சொன்னார்: “உனக்காவது கூடப் பதினோரு பேர் இருந்தாங்கப்பா. எனக்கு அங்க நான் ஒருத்திதான்.”

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஓட்டியவருக்குத் தண்டனை. செய்தி சொல்ல நான் ஓடியபோது அம்மா பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். “சரி” என்று ஒரு வார்த்தை. அப்புறம் பலகையை இழுத்தார்.

சாட்சி சம்மன் வந்தால்…

* தேதி, நேரம், கோர்ட் பெயரைப் படித்துப் பார்த்து சம்மனைப் பத்திரப்படுத்துங்கள். காரணம் சொல்லாமல் போகாமல் இருந்தால் வாரன்ட் வரலாம்.
* குற்ற வழக்கில் சாட்சியின் நியாயமான செலவை அரசு தரும்படி கோர்ட் உத்தரவிடலாம். கேட்டால்தான் கிடைக்கும், எங்களுக்கு அது மூன்றாவது முறைதான் தெரிந்தது.
* சாட்சியாக விசாரிக்கப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும்.
* போலீஸிடம் சொல்லும் சாட்சி வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது.
* மிரட்டல் வந்தால் மறைக்காதீர்கள். உச்ச நீதிமன்றம் ஏற்ற 2018-ம் ஆண்டு சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் பாதுகாப்பு கேட்கலாம்.
* சட்ட உதவிக்கு அழைக்க: 15100.