மழைநாட்டில் முட்கிரீடச் செடி

வறட்சியைத் தாங்கும் செடி என்று கேள்வியுற்று, முட்கிரீடச் செடியை ஆவலுடன் நட்டு, நாள்தோறும் நீர் வார்த்து, இரண்டே மாதத்தில் அழுகக் கொடுத்தவர்கள் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் உளர். நீர் வார்த்தவர் மீது குற்றமில்லை. நீர் வார்ப்பதுதானே செடிக்குச் செய்யும் அன்பு!

இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. ரியூனியன் தீவின் ஆளுநராயிருந்த மிலியஸ் பிரபு 1821இல் இதனைப் பிரான்சுக்கு அறிமுகப்படுத்தினார். 'யூபோர்பியா மிலியை' என்னும் தாவரவியற் பெயர் அவர் நினைவாக அமைந்தது. பாறை வெளிகளில், சதைப்பற்றுள்ள தண்டிலே நீரைச் சேமித்து வாழ்வது அதன் இயல்பு. இரத்தினபுரியிலோ ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகம். ஆகவே இங்கே அதற்குப் பகை வறட்சியன்று. வேரடியில் தேங்கும் நீரே.

தேயிலை மலையில் கான் வெட்டத் தெரிந்தவர்க்கு இது புதிய பாடமன்று. அடியில் துளையிட்ட பழைய தகரப் பேணி போதும். அதனுள் செங்கல் நொறுக்கை இட்டு, மேலே ஒரு பங்கு மண்ணும் இரு பங்கு ஆற்று மணலும் கலந்து நிரப்பவேண்டும். கூரைநீர் சொட்டும் கோட்டிற்கு உள்ளே, ஆனால் வெயில் விழும் இடத்தில், சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தல் நன்று.

பதியத்திற்கு நாலு விரல் நீளத் துண்டு போதும். வெட்டியதும் வெண்பால் வடியும். வெட்டுவாயை நீரில் நனைத்து அதனை நிறுத்தி, நாலைந்து நாள் நிழலில் உலர்த்திய பின்னரே நடவேண்டும். உலராத துண்டு அழுகிவிடும்.

அந்தப் பாலே எச்சரிக்கைக்குரியது. இறப்பர் மரமும் இச்செடியும் ஆமணக்குக் குடும்பத்தவை. எனினும், நாள்தோறும் இறப்பர்ப் பாலிற் கை நனைப்பவர் இதனையும் அவ்வாறே எண்ணலாகாது. இது கண்ணிற் பட்டால் கடும் எரிவும் வீக்கமும் உண்டாகும், பார்வையும் மங்கக்கூடும். கண்ணைத் தேய்க்காமலும், தாய்ப்பால் முதலிய கைவைத்தியம் செய்யாமலும், தூய நீரால் கால்மணி நேரமேனும் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பிள்ளைகள் ஓடியாடும் ஒடுங்கிய லயத்து வாசலில் இதனை வேலியாக நடுவது தகாது.

தை, மாசி வெயிலில் இலைகள் உதிர்ந்து முள் மட்டும் எஞ்சினால், பட்டுப்போயிற்றென்று பிடுங்கிவிட வேண்டாம். அடித்தண்டு மெதுவாகிக் கறுத்திருந்தாலே அழுகல். உறுதியாயிருந்தால் உயிர் உண்டு. அந்நாட்களில் வாரம் ஒருமுறை நீர் வார்த்தால் மீண்டும் தளிர்க்கும்.