நோயிலும் தொடரும் நட்பு

ஷா ஆலமில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் உங்கள் தம்பி இரண்டாம் ஆண்டில் பயில்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பக்கத்தில் அமரும் நண்பன் சில வாரங்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஒரு நாள் இரவு, "அக்கா, அவனுக்கு இரத்தப் புற்றுநோயாம். அவன் எப்போது பள்ளிக்கு வருவான்?" என்று தம்பி கேட்கிறான். "உனக்கு இதெல்லாம் புரியாது, போய்த் தூங்கு" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், பதில் கிடைக்காத குழந்தை தானாகவே ஒரு பதிலைக் கற்பனை செய்துகொள்ளும். அக்கற்பனை உண்மையைவிட அதிக அச்சத்தைத் தரக்கூடும்.

முதலில் நாம் உண்மையை அறிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் அதிகமாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோயே. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்கள் முதிர்ச்சி அடையாமலேயே கட்டுக்கடங்காமல் பெருகுவதால் இந்நோய் உண்டாகிறது. ஒரு காலத்தில் இதற்கு மருந்தே இல்லை. 1948ஆம் ஆண்டில், பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், ஒரு மருந்து இந்நோயைச் சிறிது காலத்திற்குக் கட்டுப்படுத்தியதை வெளியிட்டார். அம்மருந்தை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். இன்று வருமானம் மிக்க நாடுகளில், புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் 80 விழுக்காட்டிற்கும் அதிகமானோர் குணமடைகின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனினும், குழந்தைகளிடம் பரவலாகக் காணப்படும் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கலாம். சிறுவனுக்கு அது மிக நீண்ட காலம்.

இவற்றையெல்லாம் தம்பியிடம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று செய்திகளைச் சொன்னால் போதும். ஒன்று, இந்நோய் யாருடைய தவற்றாலும் வந்ததன்று. 'நான் அன்று அவனைத் தள்ளிவிட்டேனே, அதனால்தான் நோய் வந்ததோ?' என்று சிறு குழந்தைகள் மனத்திற்குள் வருந்துவதுண்டு. இரண்டு, இது தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயன்று. மூன்று, மருத்துவர்கள் அவனைக் குணப்படுத்த முயன்று கொண்டிருக்கிறார்கள். "அவன் இறந்துவிடுவானா?" என்று கேட்டால், "நிச்சயம் குணமாகிவிடுவான்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "பல குழந்தைகள் குணமடைகிறார்கள். அவனும் குணமடைய வேண்டும் என்றுதான் எல்லாரும் பாடுபடுகிறார்கள். எனக்குத் தெரிந்ததை உன்னிடம் மறைக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள்.

அடுத்து, அவனை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழும். பல மருத்துவமனைகளில் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வார்டுக்குள் அனுமதிப்பதில்லை. கீமோதெரபி சிகிச்சை நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்துவிடும். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் சளிக்காய்ச்சல்கூட அவனுக்கு ஆபத்தாகலாம். சின்னம்மை அதைவிட ஆபத்தானது. அவன் இடையிடையே பள்ளிக்கு வரும் காலத்தில் வகுப்பில் யாருக்காவது சின்னம்மை கண்டால், ஆசிரியரிடம் உடனே தெரிவியுங்கள். அவர் வழியாகச் செய்தி அவன் பெற்றோருக்குச் சென்று சேரட்டும். உணவோ பூவோ கொண்டு செல்வதற்கு முன்னரும் பெற்றோரைக் கேட்பது நல்லது.

நேரில் காண முடியாவிட்டாலும் நட்பைத் தொடர வழியுண்டு. இங்கேதான் அண்ணனும் அக்காவும் பாலமாக விளங்க வேண்டும். ஷா ஆலமிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கோலாலம்பூர் வரை தம்பியால் தனியாகச் செல்ல இயலாது. ஆனால், அவன் வரைந்த படத்தையும் பேசிய குரல் பதிவையும் நீங்கள் பெற்றோரின் துணையோடு புலனத்தில் அனுப்பலாம். வகுப்பில் நடந்த வேடிக்கை, காற்பந்தாட்டத்தில் விழுந்த கோல், ஆசிரியர் சொன்ன கதை ஆகியவையே நோயுற்ற சிறுவன் கேட்க விரும்பும் செய்திகள். சில நாள்களில் அவனுக்குப் பதில் அனுப்பவும் தெம்பு இருக்காது. "உனக்கு முடிந்தபோது பேசு" என்று சொல்லிவிட்டு, தொடர்ந்து அனுப்புங்கள். முதல் வாரத்தில் நூறு பேர் விசாரிப்பார்கள். ஆறாம் மாதத்தில் விசாரிப்பவரே உண்மையான நண்பர்.

நம் நாட்டில் கல்வி அமைச்சும் சுகாதார அமைச்சும் இணைந்து 2011ஆம் ஆண்டில் 'மருத்துவமனைக்குள் பள்ளி' எனும் திட்டத்தைத் தொடங்கின. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் மாணவர்களுக்கு ஆசிரியர்கள் அங்கேயே பாடம் நடத்துகின்றனர். நோயாளியாக இருந்தாலும் அவன் ஒரு மாணவனே என்பதை இத்திட்டம் உணர்த்துகிறது.

சிகிச்சைக்குப் பின் பள்ளிக்குத் திரும்பும்போது அவன் தலைமுடி உதிர்ந்திருக்கலாம். மருந்தால் முகம் உப்பியிருக்கலாம். முடி மீண்டும் வளரும் என்பதைத் தம்பிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "ஐயோ, பாவம்" என்ற சொல் வேண்டாம். அவன் படத்தைச் சமூக ஊடகத்தில் பகிரவும் வேண்டாம். ஓட முடியாவிட்டால், அமர்ந்து ஆடும் தாயமோ பல்லாங்குழியோ ஆடலாம்.

எல்லாக் கதைகளும் நாம் விரும்பியபடி முடிவதில்லை. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சடாகோ சசாகி இரண்டு வயதுக் குழந்தை. 1955ஆம் ஆண்டில், 12 வயதில், இரத்தப் புற்றுநோயால் அவள் இறந்தாள். அவளுடைய பள்ளித் தோழர்கள் நினைவுச் சின்னம் அமைக்க நிதி திரட்டத் தொடங்கினர். பலரும் அவர்களோடு இணைந்தனர். 1958ஆம் ஆண்டில் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் குழந்தைகள் அமைதிச் சின்னம் திறக்கப்பட்டது. துயரப்படும் குழந்தைக்கும் தன் நண்பருக்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். அதற்கு நாம் வழிவிட வேண்டும்.

நோயைக் குணப்படுத்துவது மருத்துவரின் பணி. வகுப்பறையில் அவனுக்குரிய நாற்காலி இன்னும் அவனுக்காகவே காத்திருக்கிறது என்று உணர்த்துவது நண்பர்களின் பணி. தம்பி அப்பணியைச் செய்ய இன்றிரவே நீங்கள் உதவலாம். ஒரு தாளையும் வண்ணப் பென்சில்களையும் எடுத்துக்கொண்டு அவன் அருகில் அமருங்கள்.