அப்டேட் பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி...

சர்வரில் ‘புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறது’ என்று ஒரு அறிவிப்பு வந்தால் போதும், நம்ம கை தானாக அப்டேட் பட்டனுக்குப் போய்விடும். மொபைலில் பழகின கை அது. போன செமஸ்டரில் எங்களுக்கும் அதுதான் நடந்தது. புராஜெக்ட் ரிவ்யூவுக்கு நாலு நாள் இருக்கும்போது, லேப் சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கு இருப்பதிலேயே புது ஃபர்ம்வேரைப் போட்டோம். அன்று ராத்திரியிலிருந்து பெரிய ஃபைல் எதைக் காப்பி பண்ணினாலும் பாதியிலேயே லிங்க் போய்விடும். கேபிளை மாற்றினோம், போர்ட்டை மாற்றினோம், பாவம் சுவிட்சையும் திட்டினோம். இரண்டு நாள் போச்சு. கடைசியில் ஒரு ஜூனியர்தான் ரிலீஸ் நோட்ஸைத் திறந்து படித்தான். இந்த ஃபர்ம்வேருக்கு இதைவிடப் புது டிரைவர் வேண்டும் என்று அதில் ஒரே ஒரு வரி. எங்ககிட்ட இருந்ததோ ஓஎஸ்ஸோடு வந்த பழைய டிரைவர்.

சர்வர் என்பது பார்க்க ஒரு பெட்டிதான். உள்ளே பயாஸ், பிஎம்சி, ரெய்டு கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு, ஒவ்வொரு டிஸ்க் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி ஃபர்ம்வேர். அதனால் ‘எது லேட்டஸ்ட்?’ என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். ‘எது எதோடு சேர்த்து டெஸ்ட் பண்ணப்பட்டிருக்கு?’ என்றுதான் கேட்கணும்.

‘அப்போ தொடாமலே விட்டுடலாமே’ என்கிறீர்களா? அதுவும் ஆபத்துதான். 2019 நவம்பரில் ஹெச்பிஇ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அவர்களுடைய சில சாஸ் எஸ்எஸ்டிகள், பழைய ஃபர்ம்வேரில் இருந்தால், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். அதாவது 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். 2-இன் 15-ஆம் அடுக்கு என்று பார்த்ததுமே உங்களுக்குப் பொறி தட்டியிருக்கும். டேட்டாவையும் மீட்க முடியாது. ஒரே நாளில் மாட்டின டிஸ்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும் என்பதால் ரெய்டு இருந்தும் பிரயோஜனமில்லை. ஃபர்ம்வேரை மாற்றுவதுதான் ஒரே வழி.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் இப்போது இருப்பதை எழுதி வையுங்கள். லினக்ஸில் ‘ஈத்டூல்’ கட்டளையோடு மைனஸ் ஐ சேர்த்து, கார்டின் பெயரைக் கொடுத்தால் டிரைவர், அதன் வெர்ஷன், ஃபர்ம்வேர் வெர்ஷன் மூன்றும் வந்துவிடும். பயாஸுக்கு ‘டிஎம்ஐடிகோட்’, பிஎம்சிக்கு ‘ஐபிஎம்ஐடூல்’, டிஸ்குக்கு ‘ஸ்மார்ட்சிடிஎல்’.

அடுத்தது, தயாரிப்பாளரின் பொருத்த அட்டவணை. இங்கேதான் நிறைய பேர் வழுக்கி விழுவாங்க. கார்டின் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீங்க. ஒரே இன்டெல் சிப் இன்டெல் பெயரிலும் வரும், டெல் பெயரிலும் வரும். ஃபர்ம்வேர் ஒன்றாக இருக்கணும் என்று கட்டாயமில்லை. அதனால்தான் விஎம்வேரின் பொருத்தப் பட்டியலில் வெண்டர், டிவைஸ், சப்-வெண்டர், சப்-டிவைஸ் என்று நாலு ஐடிகளை வைத்துத் தேட வழி இருக்கிறது. ‘எல்எஸ்பிசிஐ’யில் மைனஸ் என்என்வி போட்டால் நாலும் கிடைக்கும். அந்த நாலும் ஒத்துப்போகிற வரியில், உங்கள் ஓஎஸ் வெர்ஷனுக்கு நேரே எந்த டிரைவர், எந்த ஃபர்ம்வேர் என்று ஜோடியாகப் பாருங்கள்.

பெரிய அமைப்புகளில் இது இன்னும் ஒரு படி மேலே போகும். சிஸ்கோ யூசிஎஸ்ஸில் ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட் பக்கத்துக்கு ஒரு பண்டில், பிளேடு சர்வருக்கு ஒன்று, ரேக் சர்வருக்கு ஒன்று. சர்வர்கள் கொஞ்சம் பழைய வெர்ஷனில் இருக்கலாம், ஆனால் எவ்வளவு பழையது என்பதற்கு அங்கேயும் அட்டவணை உண்டு. அதைத் தாண்டினால் ஏதாவது ஆனபோது சப்போர்ட் கேட்க முடியாது.

இன்னொன்று, வரிசை. சில ஃபர்ம்வேருக்கு நடுவில் ஒரு வெர்ஷனை ஏற்றிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். சிலதில் ஏறினால் இறங்கவே முடியாது. இரண்டும் ரிலீஸ் நோட்ஸில்தான் இருக்கும், நாம் படிக்காமல் ஸ்க்ரோல் பண்ணுகிற இடத்தில்.

எங்க சர்வரின் பக்கத்துச் சுவரில் இப்போது ஒரு ஷீட் ஒட்டியிருக்கோம்: பாகம், இப்போதைய வெர்ஷன், ஒத்துப்போகும் டிரைவர், பார்த்த தேதி. ரெய்டு கன்ட்ரோலர் வரி மட்டும் இன்னும் காலி. அதன் அட்டவணையில் எங்க ஓஎஸ் இல்லை. அதனால் அந்த அப்டேட் அறிவிப்பு தினமும் வருது, நாங்களும் தினமும் ‘பிறகு’ என்று அமுக்கிக்கிட்டு இருக்கோம்.